ரேடியேட்டர் போட்டுக்கொண்ட பனியன்

அன்று ரைசிங் ஷெட்டில் இருந்தவர்கள் ஆறே பேர். ஜி.எம். ஸ்ரீதரன். முதலாளியின் மகன் கார்த்தி. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் சின்னவர். டிரைவர் ஞானராஜ். துணி செக்கிங் சரண்யா. ரைசிங் மெஷின் ஓட்டும் பபுலு. கம்பெனி வண்டிகளுக்கெல்லாம் மெக்கானிக்காக இருந்த நான். நடுவில், பானெட்டைத் திறந்தபடி, சின்னவரின் கார். இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், "நானும் அங்கதானுங்க இருந்தேன்" என்று பிற்பாடு டீக்கடையில் சொன்னவர்களையெல்லாம் கூட்டினால் ஒரு நைட் ஷிஃப்ட்டுக்கு ஆள் தேறும்.

அங்கே முடிவாக வேண்டியிருந்தது ஒன்றுதான். கார் நான்காவது தடவையாகக் கொதித்ததற்கு ஞானராஜ்தான் காரணம் என்றால், அவரை வேலையை விட்டு அனுப்புவது. வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். அவர் மகள் பன்னிரண்டாவது பரீட்சைக்கு அந்த வீட்டில்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

இதை இப்போது எழுதக் காரணம், என் இடத்துக்கு வந்திருக்கும் பிரபு. கம்பெனியில் எலக்ட்ரிக் வேன் வாங்கியிருக்கிறார்கள். அவர் போன் செய்து, "ஏனுங்ண்ணா, பெட்ரோலே ஊத்தாத வண்டிக்கு எதுக்குங் ரேடியேட்டரு? உள்ள கரண்ட் பம்ப் வேற ஓடுது. நீங்க சின்னவரு காருக்கு அப்பவே போட்டீங்கல்ல, அதை எழுதிக் குடுங்க" என்றார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதினால் தப்பு வருமோ என்று ஒரு வாரம் கவலைப்பட்டேன். எழுதாவிட்டால் அவர் எதையாவது தப்பாகக் கழற்றிவிடுவாரோ என்று அடுத்த வாரம் கவலைப்பட்டேன். இரண்டாவது கவலை பெரிதாக இருந்ததால் எழுதுகிறேன்.

தொழில் பழகியது பல்லடம் ரோட்டில் ஒரு லாரிப் பட்டறையில். மேஸ்திரி எனக்கு வாய்விட்டுச் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று: சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. அவருடைய இடது கை முழங்கை வரைக்கும் வெந்து சுருங்கியிருக்கும். எனவே அந்தப் பாடத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து எனக்கு டெம்பரேச்சர் முள் என்றால் பயம். முள் ஏறினால் கவலை. ஏறாமல் நடுவிலேயே நின்றால், மீட்டர் செத்துவிட்டதோ என்று கவலை. பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் என்னை வேலைக்கு எடுத்ததே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஸ்டாஃப் பஸ், டெம்போ, ஜெனரேட்டர் எல்லாவற்றுக்காகவும் கவலைப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது. சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஜி.எம்.மைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். கழுத்தில் மாலை மாதிரி அளவு டேப் தொங்கும். எதைப் பார்த்தாலும் "இது மேஜரா, மைனரா?" என்பார். பனியனில் ஓட்டை இருந்தால் மேஜர் டிஃபெக்ட், நூல் நீட்டிக்கொண்டிருந்தால் மைனர். உலகத்தை இந்த இரண்டு டப்பாவில் போட்டு மூடிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஒருமுறை நான் மூன்று நாள் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தபோது, "மேஜராண்ணா, மைனராண்ணா?" என்று கேட்டார். "மைனர்தானுங்க" என்றேன். அரை நாள் சம்பளத்தை மட்டும் பிடித்தார்.

அவரோடு எனக்கு முதல் அனுபவம் உடுமலைப் பஸ்ஸில். குடிமங்கலம் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவில், ஸ்டாஃப் பஸ்ஸின் ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. உள்ளே தையல் பெண்கள் ஐம்பது பேர். சுற்றிலும் அத்தனை பெரிய காற்றாடிகள் சுற்றுகின்றன. எங்கள் பஸ்ஸின் காற்றாடி மட்டும் நின்றுவிட்டது. பஸ்ஸில் கிடந்த, இழுத்தால் நீளும் லைக்ரா ரிப் துணியைப் புரி முறுக்கி, பெல்ட்டாகக் கட்டி, பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி முடிச்சைப் பார்த்து, கம்பெனிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். ஜி.எம். கேட்டில் நின்று அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல வேலைண்ணா. இந்த ரிப் எந்த ஆர்டர்ல இருந்து எடுத்தீங்க?"

"தெரியலீங்க சார். சீட்டுக்கு அடியில கெடந்துதுங்க."

"ஆர்டர் நம்பர் இல்லாம துணி வெளிய வரக்கூடாதுண்ணா. அரை மீட்டர் ஷார்ட்டேஜ் விழும்."

விழுந்தது. என் கணக்கில்தான் விழுந்தது.

இனி கார். சின்னவர் கொச்சியிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தார். இரண்டு கதவு, டர்போ இன்ஜின், தரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியைப் படுக்கவைத்தால்தான் நுழையும். ஆளில்லாத ரோட்டில் பறக்கும். ஆனால் நம் ஊரில் ஆளில்லாத ரோடு எங்கே இருக்கிறது? அவிநாசி ரோட்டில் டெம்போவுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் அது ஊர்ந்தபோது முள் ஏற ஆரம்பித்தது. சின்னவர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, இதுக்குக் கரண்ட் பம்ப், கரண்ட் ஃபேன் போட்டறலாமுங்களா? வெளிநாட்டுல எல்லாம் போடறாங்க. வீடியோ பாத்தனுங்க."

விஷயம் உண்மையில் எளிமையானதுதான். பழைய ஏற்பாட்டில் தண்ணீர் பம்ப்பை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. இன்ஜின் வேகமாக ஓடினால் பம்ப்பும் ஓடும். சிக்னலில் இன்ஜின் முனகிக்கொண்டு நின்றால் பம்ப்பும் தூங்கிவழியும். சூடு தணிய வேண்டியது நிற்கும்போதுதான், தண்ணீர் ஓட்டம் குறைவதும் அப்போதுதான். எலக்ட்ரிக் பம்ப் பேட்டரியில் ஓடுவதால் அதற்கு இன்ஜின் வேகம் கணக்கே இல்லை. சூட்டைப் பார்த்துத் தண்ணீரைத் தள்ளும். அதற்கு ஒரு கன்ட்ரோலர் பெட்டி உண்டு.

சரி என்றதும், சின்னவர் அந்த வேலையை ஜி.எம்.மிடம் ஒப்படைத்தார். ஜி.எம்.முக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அவர் அதை ஓர் எக்ஸ்போர்ட் ஆர்டராக ஆக்கினார். காருக்கு ஸ்டைல் நம்பர் வந்தது. பம்ப்புக்குச் சாம்பிள் அப்ரூவல். ரப்பர் ஹோஸ் நீலமாக வேண்டும் என்று சின்னவர் சொல்ல, எந்த நீலம் என்று முடிவு செய்ய டையிங்கிலிருந்து ஆறு நீலத்தில் துணித் துண்டுகள் வந்தன. வெயிலில் ஒரு தடவை, டியூப் லைட்டில் ஒரு தடவை வைத்துப் பார்த்து, நாலாவது நீலத்தில் ஜி.எம். கையெழுத்துப் போட்டார். கடையில் இருந்தது ஒரே நீலம். அதை வாங்கி மாட்டினேன். "கரெக்ட் மேட்ச்" என்றார்.

மாட்டிய விதத்தைப் பிரபுவுக்காகச் சொல்கிறேன். பழைய பம்ப்பின் உள்சக்கரத்தை எடுத்துவிட்டு, கூட்டை மட்டும் விட்டேன். தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டேன், அதன் வேலையைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். புதுப் பம்ப்பை ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் பக்கம், இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் வைத்தேன். மேலே வைத்தால் காற்றைக் குடித்துச் சாகும். ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு ஃபேன், ஓரம் வழியாகக் காற்று ஒழுகாமல் தகடு அடைத்து. ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ், தடித்த வயர். ஃபேன் சரியான பக்கம் சுற்றுகிறதா என்று பார்க்க முன் கிரில்லில் ஒரு பனியன் வேஸ்ட் துண்டைத் தொங்கவிட்டேன். உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டது. சரி. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஓட்டாமல் பம்ப்பை மட்டும் ஓட்டிக் காற்றை வெளியேற்றினேன். இந்த வசதி பழைய பம்ப்பில் கிடையாது. குமிழி நின்றது. நின்றதா, இளைப்பாறுகிறதா என்று தெரியாததால் இன்னொரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தேன். நின்றுதான் இருந்தது.

சாவியை எடுத்த பிறகும் பம்ப்பும் ஃபேனும் கொஞ்ச நேரம் ஓடும். டர்போவில் தேங்கிய சூடு இறங்குவதற்காக. நான் இரண்டு நிமிஷம் வைத்தேன். சின்னவர் காதைக் கொடுத்துக் கேட்டார். விமானம் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

"பத்து நிமிசம் வைங்கண்ணா. வெளிநாட்டுப் பையர் வர்றப்ப இந்தச் சத்தம் கேக்கோணும்."

"பேட்டரி தாங்காதுங்களே."

"பெரிய பேட்டரி போட்டறலாமுங்க."

போட்டோம்.

காரை நிறுத்த இடம் ஒரு பிரச்சினையாக இருந்தது. சின்னவர் ஊட்டு வாசலில் சாக்கடைக்கு மேல் போட்ட ஸ்லாப் காரின் வயிற்றை உரசியது. கம்பெனியில் மேடு பள்ளம் இல்லாமல், கண்ணாடி மாதிரித் தரை இருந்தது ஒரே இடத்தில். துணி டிராலிகள் உருளுகிற ரைசிங் ஷெட். ரைசிங் என்றால், துணியின் உட்பக்கத்தைப் பொடிக் கம்பிகளால் வருடி வருடிப் பஞ்சாக எழுப்புவது. குளிர் நாட்டுக்காரர்கள் போடுகிற ஸ்வெட் ஷர்ட்டின் உள்ளே மெத்தென்று இருக்குமே, அது. அந்த மெஷின் ஓடினால் பபுலுவின் புருவம் நரைத்துவிடும். காரை அங்கே, மெஷினுக்கு எதிரில், பையர் நடந்து வரும் வழியில் நிறுத்தினார்கள். எனக்கு அந்த இடத்தைப் பற்றியும் ஒரு கவலை இருந்தது: பெயின்ட்டில் டிராலி கீறிவிடுமோ என்று. கவலைப்படுகிறவனுக்கு உள்ள சங்கடம் இது. பத்து விஷயத்துக்குக் கவலைப்படுவான், நடப்பது பதினொன்றாவதாக இருக்கும்.

காரைத் தினம் துடைத்து, கழுவி, எடுத்து வருகிற பொறுப்பு ஞானராஜுக்கு. தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்திலிருந்து வந்தவர். காலையில் பைப்பைப் பிடித்து, கிரில்லுக்குள் தண்ணீர் பீய்ச்சி, ஒரு தூசி விடமாட்டார். கிரில் வழியாகப் பார்த்தால் முதலில் தெரிவது ஏ.சி.யின் கண்டென்ஸர், அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் ரேடியேட்டர். கண்டென்ஸர் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னும்.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு பெருமாநல்லூர் சந்திப்பில் கொதித்தது. ஜி.எம். ஞானராஜின் சம்பளத்தில் ஆயிரத்து எண்ணூறு டெபிட் போட்டார். இங்கே அது வழக்கம். வெளிநாட்டுப் பையர் எங்களுக்கு டெபிட் போடுவார். நாங்கள் நிட்டிங்குக்குப் போடுவோம், நிட்டிங் நூல் கடைக்குப் போடும். போட்டுக்கொண்டே போனால் கடைசியில், யாருக்கும் போட முடியாத ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பார். இரண்டாவது தடவை கொதித்தபோது ஓட்டியது சின்னவர். அதே டெபிட் ஞானராஜுக்கு. "ஓட்டினது யாருங்கறது விசயம் இல்ல. வண்டி யாரு பொறுப்பு?" என்றார் ஜி.எம்.

மூன்றாவது தடவையும் டெபிட் விழுந்த பிறகு ஞானராஜ் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நா என்னத்தச் செஞ்சேன்? புள்ளயக் குளிப்பாட்டுத மாதிரில்லா குளிப்பாட்டுதேன். இன்னும் ஒருக்கா கொதிச்சா வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாவ. பரிச்ச நேரத்துல அவள எங்க கூட்டிட்டுப் போவ?"

நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பம்ப் ஓடுகிறது. ஃபேன் ஓடுகிறது. வயர் சூடாகவில்லை. தண்ணீரில் குமிழி இல்லை, எண்ணெய் இல்லை. கிரில்லுக்குள் டார்ச் அடித்தேன். பளபளப்பு. அவர் தப்பு இல்லை என்றால் பம்ப் மாட்டிய என் தப்பு. வேறு ஆள் இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காவது தடவை, பல்லடத்தில். பொங்கலூரில் சின்னவருக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். புதுச் சட்டை கசங்கக்கூடாது என்பதால் ஞானராஜ் ஓட்ட, சின்னவர் பக்கத்தில், பின்னால் அம்மாவும் தாம்பாளங்களும். பல்லடம் நெரிசலில் பானெட்டிலிருந்து ஆவி எழுந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்த வழியாகக் கறிக்கோழி இறக்கிவிட்டுக் காலிக் கூண்டுகளோடு வந்த வேனைக் கைகாட்டி நிறுத்தி, மாப்பிள்ளையும் அம்மாவும் தாம்பாளங்களும் ஏறிப் போனார்கள். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த வேனே பெண் வீட்டாரின் கோழிப் பண்ணை வேன் என்று. பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டே, "மாப்பிள்ளை இப்பவே நம்ம வண்டியில வாராருங்க" என்றாராம். சம்பந்தம் முடிவாகிவிட்டது. ஆனாலும் அம்மாவின் பட்டுச் சேலையில் ஒட்டியிருந்த கோழி இறகுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் அல்லவா? நான்காவது டெபிட் அன்றைக்கே விழுந்தது. மறுநாள் ரைசிங் ஷெட்டில் விசாரணை.

ஜி.எம். டேப்பைச் சரி செய்துகொண்டார். "டிஃபெக்ட், ஓவர்ஹீட்டிங். மேஜரா, மைனரா?"

"எங்கம்மா கோழி வண்டியில போனாங்க சார்" என்றார் சின்னவர்.

"அப்ப க்ரிட்டிக்கல்." ஜி.எம். ஞானராஜ் பக்கம் திரும்பினார். "ஏ.சி.ய ஃபுல்லா வெச்சு ஓட்டினீங்களா?"

"அம்மாவுக்கு வேர்க்குதுன்னு சின்னவருதான் சார்..."

"நான் உங்களத்தான் கேக்கறேன்."

என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. "சார், ஒருக்கா முன்னாடி எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டு அப்புறம் பேசலாமுங்க. எனக்கு மனசு ஒப்பமாட்டீங்குது" என்றேன். அறிவால் சொல்லவில்லை. விசாரணை கொஞ்சம் தள்ளிப்போகட்டும் என்று சொன்னேன்.

பம்பரைக் கழற்றினேன். கண்டென்ஸரின் போல்ட்டைத் தளர்த்தி முன்பக்கம் சாய்த்தேன். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, சாம்பல் கலந்த இளஞ்சிவப்பில் மெத்தென்று என்னவோ இருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். கிழியாமல், ஒரே துண்டாக, போர்வை மாதிரி உரிந்து வந்தது. என்னவென்று எனக்குப் புரியவில்லை. கையில் வைத்துக்கொண்டு நிற்கப் பயமாக இருந்ததால், பக்கத்தில் துணி வைக்கிற மேஜையில் போட்டேன்.

சரண்யா பபுலுவின் ரோலுக்குச் சாம்பிள் எடுக்கத்தான் அங்கே வந்திருந்தாள். காதில் போன், கையில் ஜி.எஸ்.எம். கட்டர், துணியை வட்டமாக வெட்டி எடை பார்க்கிற கருவி. மேஜைக்குத் துணி வந்தால் வெட்ட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. கட்டரை வைத்துத் திருகினாள். வட்டம் விழுந்தது. தராசில் போட்டாள்.

"சார், முன்னூத்தி இருவது வருதுங்க. கொஞ்சம் ஹெவி. ஆனா கை வெச்சா நல்லா சாஃப்டா இருக்குதுங்க."

ஜி.எம். ஞானராஜை முறைப்பதை விடாமல் கையை மட்டும் நீட்டினார். வட்டத்தைக் கட்டை விரலால் தடவினார். "டாலரன்ஸ்ல இருக்கா?"

"அஞ்சு பர்சன்ட்டுக்குள்ள வருதுங்க."

"பாஸ்." சரண்யா வட்டத்தை அட்டையில் ஒட்டி நீட்ட, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பபுலுதான் முதலில் சிரித்தான். "சாப், கப்டா நஹி! ரூயி! மேரா மெஷின் கா ரூயி!" என்று இந்தியில் சொல்லி, துணியில்லை, தன் மெஷின் பஞ்சு என்று மெஷினைக் காட்டினான். பிறகு கன்னத்தை உப்பி ஃபேன் மாதிரி 'ஹூ' என்று காற்றை உள்ளே இழுத்து, பத்து விரலையும் விரித்தான். பத்து நிமிஷம். காரை நிறுத்திவிட்டுப் போனதும், விமானச் சத்தத்தோடு, எங்கள் அருமையான இரண்டு ஃபேன்களும் ஷெட்டில் பறக்கிற பஞ்சையெல்லாம் இழுத்து ரேடியேட்டர் மேல் படியவைத்திருக்கின்றன. காலையில் ஞானராஜ் பீய்ச்சிய தண்ணீர் அதை அமுக்கி அமுக்கித் துணியாக்கியிருக்கிறது. திருப்பூருக்கு வந்த எதுவும் பனியன் போடாமல் போனதில்லை. ரேடியேட்டரும் போட்டுக்கொண்டது.

காரை அங்கே நிறுத்தச் சொன்னது யார், பத்து நிமிஷம் வைக்கச் சொன்னது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் சின்னவரைப் பார்க்கவில்லை. சின்னவரும் சின்னவரைப் பார்க்கவில்லை; ஷூவைப் பார்த்தார். ஜி.எம்.முக்கு மட்டும் ஒரு வழி தெரிந்தது.

"பஞ்சு தானா வந்துச்சு, சரி. அதைத் தண்ணி ஊத்தித் துணியாக்கினது யாரு? அப்ரூவல் இல்லாம வெட் ப்ராசஸிங். இது..."

"நா கழுவத்தானே சார் செஞ்சேன்" என்றார் ஞானராஜ்.

"ரிப்போர்ட் எழுதிரலாம். ரெண்டு நாள்ல வீட்டக் காலி பண்ணிருங்க."

அப்போது சரண்யா காதிலிருந்து போனை எடுத்தாள். அவளுக்கு நடந்தது பாதிதான் புரிந்திருந்தது. மிகவும் மரியாதையாகவே கேட்டாள்:

"சார், டிரைவரண்ணன் ரிப்போர்ட்டுக்கு சாம்பிள் வெக்கோணுமில்லீங்களா? நீங்க பாஸ்னு சைன் போட்டது என்கிட்டத்தான் இருக்குது. இதையே பின் பண்ணிறட்டுங்களா?"

ஜி.எம். அந்த அட்டையைப் பார்த்தார். ரேடியேட்டர் அழுக்கு, முன்னூற்று இருபது கிராம், பாஸ், கீழே அவருடைய அழகான கையெழுத்து. அது பெரிய முதலாளி மேஜைக்குப் போவதை அவர் மனதுக்குள் பார்த்தார் என்று நினைக்கிறேன். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மெதுவாகச் சுருட்டினார்.

"ரிப்போர்ட் வேண்டாம். மைனர்தான்" என்றார்.

ரிப்போர்ட் இல்லாவிட்டால் யாரையும் வேலையை விட்டு அனுப்ப முடியாது. அதுவும் அவர் போட்ட சட்டம்தான். ஞானராஜ் வீட்டைக் காலி செய்யவில்லை. மகள் பரீட்சை எழுதி, இப்போது கல்லூரிக்குப் போகிறாள். சின்னவர் ஊட்டு வாசலில் ஸ்லாப்பை இடித்துச் சமமாகப் போட்டார்கள். நான் பத்து நிமிஷத்தை மறுபடி இரண்டாக்கினேன். கார் அதற்கப்புறம் கொதிக்கவில்லை. கொதிக்காதது ஏன் என்று நான் ஓய்வு பெறுகிறவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே பிரபு, எலக்ட்ரிக் வேனுக்கும் சூடு உண்டு. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தண்ணீர் ஓட வேண்டும். பம்ப்பைச் சந்தேகப்படுவதற்கு முன், முன்னால் இருக்கிற இரண்டு ஜல்லடைக்கும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். வெளியே மின்னுவதை நம்ப வேண்டாம். அந்த வேனை ஓட்டுவதும் ஞானராஜ்தான். போகிற வழியில் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒவ்வொரு தீபாவளி போனஸுக்கும் அவர் ஜி.எம். ரூமுக்குப் போய், பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். ஜி.எம். குரலை உயர்த்தாமல், நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: "டெபிட்ட ரிவர்ஸ் பண்ணணும்னா ரிப்போர்ட் வேணும். ரிப்போர்ட்தான் இல்லையே ஞானராஜ்."

நான்கு கொதிப்பு. அவருக்கு இன்னும் வர வேண்டியது ஏழாயிரத்து இருநூறு ரூபாய்.